முதல் வரியின் கடைசி எழுத்து

மடல் எண் 3
பாளையங்கோட்டை
1919-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் தேதி, சனிக்கிழமை
காலை மணி 6.40

அன்புள்ள மதினிக்கு,

இன்று காலை அலமாரித் தட்டைத் துடைக்கும்போது என் முழங்கை பட்டு உங்கள் தகர டப்பா கீழே விழுந்தது. விழுந்த வேகத்தில் மூடி கழன்றுகொண்டது. காலி என்றே நான் நினைத்திருந்தேன். அடியில் ஒரு சிட்டிகை இலை ஒட்டிக்கொண்டிருந்தது. நனைந்த வைக்கோலைப் புகையில் உலர்த்தினாற்போன்ற அந்த வாசனை அறை முழுவதும் பரவியது. உள்ளறையில் படுத்திருந்த அக்காள், "ஏலே, யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். டப்பா விழுந்தது என்று சொன்னேன்.

நீங்கள் போனபின் எழுதிய முதல் இரண்டு மடல்களிலும் வீட்டுச் செய்திகளை மட்டுமே எழுதினேன். இம்முறை ஒரு சொல்லைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது. அது உங்கள் சொல். சென்ற செவ்வாய்க்கிழமை வரை அதன் முழு வரலாறும் எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு தவறு. முப்பத்தொரு ஆண்டுகள் ரிஜிஸ்தர் கச்சேரியில் பிறர் எழுதிய பத்திரங்களில் பிழை திருத்திய எனக்கு, என் வீட்டிலேயே இருந்த ஒன்று தெரியாமற்போயிற்று. முறையாகத் தொடக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி, திங்கட்கிழமை. பினாங்கு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை பார்த்துவந்த அண்ணன், ஓய்வு பெற்று உங்களை அழைத்துக்கொண்டு ஊர் வந்த நாள். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, ரயிலில் திருநெல்வேலி வந்து, ஆற்றுப் பாலத்தை மாட்டுவண்டியில் கடந்து வந்தீர்கள். பினாங்கில் ரிஜிஸ்திரார் முன்பாகத் தமக்குக் கலியாணம் நடந்தது என்று அண்ணன் முன்பே எழுதியிருந்தார். மணப்பெண் சீனத்தி என்பதை மட்டும் எழுதவில்லை.

உடன்பிறந்த எங்கள் மூவரில் மூத்தவளும் இளவயதிலேயே கணவனை இழந்து வீட்டை ஆண்டுவந்தவளுமான அக்காள், வாசலில் நின்று வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, இது யாரு?"

"உன் தம்பி பொண்டாட்டிதான் அக்கா," என்றார் அண்ணன், வண்டிக்காரனைப் பார்த்தபடி.

நீங்கள் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, அக்காளை நேருக்கு நேர் பார்த்துக் கும்பிட்டு, "என்ன வே, சொகமா இருக்கீரா?" என்றீர்கள்.

தெருவே சிரித்தது. பினாங்கில் அண்ணனும் அவருடைய நெல்லைக் கூட்டாளிகளும் பேசிய பேச்சைக் கேட்டுத் தமிழ் படித்தவர் நீங்கள். ஆண்பிள்ளைகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் 'வே'யைப் பெரியவர், சிறியவர், பெண்கள், குருவானவர் என்ற பேதமின்றி எல்லார்மீதும் போட்டீர்கள். "வேயாம்ல வே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அக்காள். "பொம்பளைப் பேச்சு சொல்லிக் குடுக்க அங்கன ஒருத்தியும் இல்லையோ?" ஒரு வாரம் அவள் உங்களோடு பேசவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் உங்கள் தட்டில் சோறு குறைந்திருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

என்னை முதல் நாளே 'தம்பி' என்று அழைத்தீர்கள். உங்களைவிட நான் மூன்று வயது மூத்தவன் என்பதைத் தேதியோடு எடுத்துக்காட்டினேன். "வயசு பெருசா, முறை பெருசா வே?" என்று கேட்டீர்கள். அன்றுமுதல் நான் தம்பிதான்.

சீனத்துப் பெண்களுக்குப் பாதம் உள்ளங்கையளவுதான் இருக்கும் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருந்தவர்கள் உங்கள் காலைப் பார்க்க வந்தார்கள். எல்லாரையும் போன்ற கால்தான். வேதம் கற்பிக்கும் உபதேசியாரின் மனைவி ஏமாற்றத்தை மறைக்காமல், "நல்லாப் பெரிசால்ல இருக்கு," என்றாள். "சின்னக் கால வச்சுக்கிட்டுச் சேத்துல எப்படி வே எறங்க? கால் கட்டுறதெல்லாம் மாடிவீட்டுக்காரிக. நாங்க சிப்பி பொறுக்குத ஆளு," என்றீர்கள்.

உங்கள் ஊரை நான் தேசப்படத்தில் தேடினேன். சீனத்தின் தென்கிழக்குக் கரையில் பூக்கியேன் மாகாணம். எதிரே கடலில் ஃபார்மோசாத் தீவு. இரண்டுக்கும் இடையே குறுகிய நீலம். ஆமாய்த் துறைமுகத்தின் பக்கத்தில் விரலை வைத்து, இதுதானே என்று கேட்டேன். "இதுல ஊரைக் காணோம், தம்பி. வெறும் பேருதான் கெடக்கு," என்றீர்கள். பிறகு சாப்பாட்டு இலையில் இருந்த சோற்றைப் பத்துப் பங்காகப் பிரித்தீர்கள். எட்டைக் கையால் குவித்து மலை என்றீர்கள். ஒன்றில் குழி பறித்து ரசத்தை ஊற்றித் தண்ணீர் என்றீர்கள். மிஞ்சிய ஒரு பிடியைக் காட்டி, "இதுதான் வயலு. இத வச்சுத்தான் அத்தனை பேரும் திங்கணும்," என்றீர்கள். சோற்றில் விளையாடுவதற்காக அக்காளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். ஆனால் அந்த மாகாணத்தின் பூகோளம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

மலைக்கும் மலைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பள்ளத்தாக்குகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு என்றும், இரண்டு நாள் நடந்தால் உங்கள் பேச்சு செல்லாக்காசு என்றும் சொல்வீர்கள். சிப்பி ஓடுகளை அடுக்கிச் சுவர் கட்டிய உங்கள் வீடு, வெயிலில் மீன் செதிள்போல மின்னும் என்பீர்கள். ஆவணி, புரட்டாசியில் அடிக்கும் புயலைப் பற்றி, உலர்த்திய சீனிக்கிழங்குச் சீவலைக் கஞ்சியில் போட்டுக் குடித்த மாதங்களைப் பற்றி, பிழைப்புக்காகத் தெற்குக் கடலுக்குப் போய்விட்ட ஆண்களைப் பற்றிச் சொல்வீர்கள். "ஆம்பளை பூராவும் கப்பல்ல. பொம்பளை பூராவும் கரையில. கோயில்ல இருக்க சாமியும் கடலைப் பார்த்துக்கிட்டிருக்க பொம்பளைச் சாமிதான் வே." உங்களையும் பதினோரு வயதில் பினாங்கில் வீட்டு வேலைக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். தாய் தகப்பனை அதற்குப்பின் நீங்கள் பார்க்கவில்லை. அவர்கள் இறந்த செய்திகூட ஊர்க்காரன் ஒருவன் வாய்வழியாகத்தான் வந்தது.

ஒருமுறை நாம் மூவரும் சீவலப்பேரிக்கு வண்டி கட்டிப் போனோம். சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கிற இடத்தில், இரு கரையிலும் கதிர் முற்றிய நேரம். நீங்கள் வண்டியிலிருந்து இறங்கி வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தீர்கள். "இம்புட்டு வயலு வச்சுக்கிட்டு இங்கன உள்ளவன் எதுக்கு வே கப்பல் ஏறுதான்?" என்று கேட்டீர்கள். வயல் யாருடையது என்பதைப் பொறுத்தது என்றேன். அண்ணன் மாட்டின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

பினாங்கிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை அண்ணனின் கூட்டாளி தகர டப்பாவில் உங்கள் ஊர் மலையில் விளைந்த இலையை அனுப்பிவைப்பார். நார்த்தங்காய் அளவில், மூக்கு வைத்த ஒரு மண் கெண்டி. சுண்ணாம்புக் கிண்ணம் அளவில் கோப்பைகள். பிற்பகல் நான்கு மணிக்கு நீர் கொதிக்கவைத்து, கெண்டியில் இலைமேல் ஊற்றி, அந்த முதல் நீரை அப்படியே கொட்டிவிடுவீர்கள். "கொட்டுதாளே, கிறுக்கச்சி," என்று பதறினாள் அக்காள். "மொதத் தண்ணி காலு கழுவ, அக்கா. ரெண்டாந் தண்ணிதான் வீட்டுக்குள்ள வர," என்றீர்கள். அந்த விளக்கம் அவளுக்குப் பிடித்துவிட்டது. மறுநாள் நான்கு மணிக்குத் தானாகவே அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். அந்த ஆண்டு முடிவதற்குள் காப்பியையே விட்டுவிட்டாள். நான் விடவில்லை, எனக்குக் காப்பிதான்.

அதை நீங்கள் 'தே' என்பீர்கள். தேயிலைத் தண்ணீர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் கிறிஸ்தவச் சபைக் குருவானவர், ஊரார் வழக்கில் 'ஐயர்', ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தபோது, கடைத்தெருவில் தேயிலை கிடைக்கிறதே, அது போதாதா என்று கேட்டார். நீங்கள் அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டுமுறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினீர்கள்.

"தே-யிலை. தே எங்க ஊருச் சொல்லு வே, ஐயரே. கான்டன்காரன் கேட்டா சா-ன்னுவான். எங்க கரையிலதான் தே. கப்பல்ல வந்து இங்கன எறங்கியிருக்கு. இலை உங்க ஊருச் சொல்லு. ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒண்ணாக் கெடக்கு, பாத்தீரா?" பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "இவரும் நானும் மாதிரி," என்றீர்கள்.

ஐயர் சத்தமாகச் சிரித்தார். அண்ணன் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அண்ணன் மூன்றே நாள் காய்ச்சலில் போனார். சபைக் கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், வேலியோரத்து வேம்பின் கீழ் அடக்கம் செய்தோம். எல்லாரும் கலைந்தபின் நீங்கள் அவர் மண்மேட்டின் இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்த நிலத்தைக் காலால் அளந்து பார்த்தீர்கள். அக்காளிடம், "எனக்கு இந்த இடம் காணும், அக்கா," என்றீர்கள். அதற்குமுன்னும் பின்னும் நீங்கள் இந்த ஊரில் எதையும் உங்களுக்கென்று கேட்டதில்லை.

அதில் ஒரு தடை இருந்தது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தீர்கள்; பாட்டுகள் மனப்பாடம்; ஆனால் ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. உங்கள் ஊரில் பங்குனி மாதத்தில் கல்லறைகளைப் பெருக்கி, முன்னோருக்குச் சோறும் தேயும் வைத்து, மஞ்சள் தாள்களைக் காற்றில் பறக்காதபடி கல் வைத்து அழுத்திவிட்டு வருகிற நாள் ஒன்று உண்டு. உங்கள் தாய் தகப்பன் கல்லறை இருக்குமிடம் உங்களுக்குத் தெரியாது. ஆகையால் அந்த நாளில் ஆற்றங்கரைக்குப் போய், கிழக்கே பார்த்து மூன்று கோப்பை வைத்துவிட்டு வருவீர்கள். யாரோ கண்டு ஐயரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் வந்தார்.

"அம்மா, மரிச்சவங்க வந்து குடிக்கமாட்டாவ," என்றார்.

"குடிக்கமாட்டாவன்னு எனக்கும் தெரியும் வே. ஆனா கேட்டுட்டாவன்னா? கேட்டு, குடுக்க ஆளில்லாமப் போச்சுன்னா?"

ஐயர் நல்ல மனிதர். "ஞானஸ்நானம் எடுத்தா இதை விட்டுறணும். எடுக்கலைன்னா, அவரு பக்கத்துல இடம் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. சபைச் சட்டம்."

"அப்ப இருக்கட்டும்," என்றீர்கள். எது இருக்கட்டும் என்று சொல்லவில்லை. எழுந்துபோய் அவருக்கும் ஒரு கோப்பை தே கொண்டுவந்து வைத்தீர்கள்.

அன்று தொடங்கி ஏழு ஆண்டுகள் அக்காள் அந்த இடத்தைப் பற்றியே கவலைப்பட்டாள். உங்களோடு சண்டை போட்டாள், கெஞ்சினாள், ஒருமுறை அழுதாள். "ஒரு கை தண்ணி, தலையில ஊத்துனா முடிஞ்சிச்சு. அவன் பக்கத்துல ஒன்னை வைக்காம வேலிக்கு அந்தப்பக்கம் வச்சா நான் எப்படிட்டி சாவேன்?" நீங்கள் அவள் தலையை வாரிவிட்டுக்கொண்டே, "பைய பாப்போம், அக்கா," என்பீர்கள்.

1916-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. பத்தாம் தேதி உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் ஏற ஏற உங்கள் தமிழ் உதிர்ந்துகொண்டே வந்தது. முதலில் நீண்ட வாக்கியங்கள் போயின. பிறகு எங்கள் பெயர்கள் போயின. பதின்மூன்றாம் தேதி 'வே'யும் போயிற்று. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அதன்பின் நீங்கள் பேசியதெல்லாம் சிப்பிச் சுவர் வீட்டுப் பேச்சு. இரண்டு நாள் நடந்தால் செல்லாத பேச்சு என்று நீங்களே சொன்னது.

பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நான்கு மணி. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அக்காள் உங்கள் தலைமாட்டில் இருந்தாள். ஐயருக்கு ஆள் போயிருந்தது. நீங்கள் கண்ணைத் திறந்து, எங்கள் இருவரையும் பார்த்து, தெளிவாக, "தே," என்றீர்கள்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். விறகு ஈரம். ஊதி ஊதிப் பற்றவைத்து, நீர் கொதித்தபின் கெண்டியில் ஊற்றினேன். வழக்கப்படி முதல் நீரைக் கொட்டினேன். உங்களுக்குக் கொடுப்பதை முறை தவறிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் நீரைக் கோப்பையில் வடித்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தபோது, குடையிலிருந்து தண்ணீர் சொட்ட ஐயர் உள்ளே நின்றிருந்தார். அக்காள் உங்கள் கண்களை மூடிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஏதும் சொன்னாவளா?" என்று கேட்டார் ஐயர்.

"தேவனேன்னு கூப்பிட்டா, ஐயரே," என்றாள் அக்காள். குரல் நடுங்கவில்லை. "முழுசாச் சொல்ல மூச்சு காணல. தேன்னு வெளிய வந்துச்சு. மிச்சம் உள்ளயே நின்னுட்டு."

ஐயர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். "அது என்ன?"

"தேயிலைத் தண்ணி, ஐயரே."

அந்தச் சொல்லின் முதல் எழுத்தை நீங்கள் விளக்கியபோது அவரும் அங்கே இருந்தவர்தாம். கோப்பையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஓட்டுக்கூரைமேல் மழை கொட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. ஐயர் உங்கள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "கூப்பிட்டிருக்காவ. தண்ணி ஊத்தத்தான் நேரமில்லாமப் போச்சு. நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். அவரு பக்கத்துல."

வெளியே போகும்போது என் அருகில் நின்று, தாழ்ந்த குரலில், "அதைக் கீழ கொட்டிராதேயும்," என்றார். நான் கொட்டவில்லை. இருட்டியபின் ஆறிப்போன அதை அடுப்படியில் நின்றபடி குடித்தேன். நான் முழுதாகக் குடித்த முதல் கோப்பை அதுதான்.

உங்களுக்குக் கல் நாட்டியது 1917-ஆம் ஆண்டு. வாசகத்தை அக்காளே எழுதிக் கொடுத்தாள். கல்தச்சர் கொத்திமுடித்த அன்று போய்ப் பார்த்து, எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாசகம் இப்படி இருந்தது:

இவள் கடைசியாய்ச் சொன்னது தே
வனே என்ற ஒரு சொல்லே

"ஒரு சொல்லை நடுவுல வெட்டலாமா? அடுத்த வரியில முழுசாப் போட இடம் இருக்குல்லா?" என்று கேட்டேன். "நான் என்ன செய்ய, அண்ணாச்சி? அக்கா கோடு போட்டுத் தந்தாவ. அதும்படி கொத்தினேன்," என்றார் அவர். கண் மங்கியவள் அளவு தவறிவிட்டாள் என்று எண்ணினேன். 'தேவனே' என்றுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று நம்பித் தேறியிருக்கிறவளிடம் அதைப் பற்றிப் பேசுவதே கூடாது என்றும் எண்ணினேன். இருந்தாலும் ஒவ்வொரு முறை தோட்டத்துக்குப் போகும்போதும் அந்தப் பிழை கண்ணில் உறுத்தியது. இந்த ஆண்டு கல்லை மாற்றிவிடுவதென்று தீர்மானித்து, சென்ற செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 1-ஆம் தேதி, அக்காளிடம் சொன்னேன். வரி உடைந்திருக்கிறது, அதைச் சரிசெய்யவேண்டும், வேறொன்றுமில்லை என்றேன்.

அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏலே, அந்தக் கல்லைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்."

"பிழையா இருக்கு அக்கா."

"யாருக்குலே பிழை? பதிமூணு வருசம் அவ கையால தே குடிச்சவ நான். அவ தேன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

நான் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"நீ அந்தக் கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு வந்து வாசல்ல நின்னியே, எனக்கு உசுரு தொண்டையில நின்னுச்சு. பிழை திருத்துத பய, எங்க வாயைத் தொறந்துருவானோன்னு."

"அப்போ நீ ஐயர்கிட்ட சொன்னது?"

"அதுவும் பொய்யில்ல. அவ தேன்னா. எங்கிட்ட ஒரு மடக்குத் தண்ணியில்ல, அடுப்பு புகையுது, அவ போயிக்கிட்டிருக்கா. தேவனேன்னு என் நெஞ்சு கத்துச்சுலே. அவ ஆரம்பிச்சா, நான் முடிச்சேன்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "மொத வரியோட நிறுத்திப் படி, அவ கேட்டது இருக்கு. ரெண்டையும் சேத்துப் படி, நான் கேட்டது இருக்கு. நீ இதுல எதைத் திருத்துவ?"

மதினி, நான் எதையும் திருத்தப்போவதில்லை. அக்காள், ஐயர், நான் என மூன்று பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் காத்த ஒரு சொல் அது. ஐயர் இப்போது ஸ்ரீவைகுண்டம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். அவரிடம் கேட்டுப் பதிவு செய்யவும் எனக்கு விருப்பமில்லை. கடைத்தெருவில் யாராவது 'தேயிலை' என்று சொன்னால் மட்டும், முதல் எழுத்தோடு என் காது நின்றுவிடுகிறது. இலை வந்து ஒட்டுவதற்குள் நீங்கள் வந்துவிடுகிறீர்கள்.

நாளை, உங்கள் கணக்கின்படி, கல்லறை பெருக்கும் நாள். ஆராதனை முடிந்தபின் வருவேன். அக்காளால் நடக்க இயலாது. வண்டியில் வருவதாகப் பிடிவாதம் செய்கிறாள். ஊரார் பார்த்தால் என்ன சொல்வது என்று கேட்டேன். "அவ கேட்டாளா, குடுக்கோம்னு சொல்லு," என்கிறாள்.

இப்படிக்கு,
உங்களைவிட மூன்று வயது மூத்த தம்பி

இத்துடன் இணைத்திருப்பவை:

1. மஞ்சள் தாள், மூன்று. இந்த மடல் நான்காவது.
2. அவற்றின்மேல் வைக்க, சீவலப்பேரியில் இரண்டு ஆறும் கூடுமிடத்திலிருந்து எடுத்துவந்த கூழாங்கல், ஒன்று.
3. தகர டப்பாவின் அடியில் மீந்திருந்த இலை, முழுவதும், கெண்டியில்.
4. அதன் இரண்டாம் நீர், ஒரு கோப்பை. கல்லறைக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டி எடுப்பதாக ஏற்பாடு, ஆகையால் சூடாக.